பசைச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலை நிகழ்ச்சி

பாளையங்கோட்டையில் புத்தகம் கட்டும் கடை வைத்திருக்கும் எனக்குக் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை கைகளுக்குத்தான் வேலை. பாரங்களை, அதாவது மடித்த அச்சுத்தாள் கட்டுகளை, அடுக்கித் தைப்பதற்கும், மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை அட்டையில் தடவுவதற்கும் கண் பாதி போதும். காதுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. சும்மா கிடக்கிற அந்தக் காதை நான் பல ஆண்டுகளாக வானொலிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, நெல்லையில் கேட்கும் ஒரு தனியார் பண்பலையின் காலை நிகழ்ச்சியைப் பற்றி இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் தொகுப்பாளர்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. அவர்களும் இதே ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள்தாம்.

நிகழ்ச்சியை நடத்துவது இரண்டு பேர். ஒருவர் இளைஞர்; மூச்சு விடாமல் பேசக்கூடியவர். இன்னொருவர் பெண், குரலை வைத்துப் பார்த்தால் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார். வசதிக்காக இளையவர், மூத்தவர் என்றே குறிப்பிடுகிறேன். அன்றாட வீட்டு வாழ்க்கையிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள், நேயர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்வார்கள், நடுநடுவே பாட்டும் சினிமாச் சேதியும் விளம்பரமும் வரும். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பண்பலையைத் திருப்பினாலும் காலையில் இந்தச் சட்டகம்தான். ஆகவே சட்டகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்குள் நடக்கும் பேச்சைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

ஒரு நாள் பேச்சை அப்படியே சொல்கிறேன். அன்றைய பொருள், வீட்டில் காலையில் தண்ணீர் மோட்டாரைப் போடுவது யார், அணைப்பது யார் என்பது. போடுகிறவருக்கும் அணைக்கிறவருக்கும் இடையில் நடக்கும் சண்டையைப் பற்றி ஏழெட்டுப் பேர் வழக்கம்போல் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு டவுனில் ஒரு வளவு வீட்டிலிருந்து ஒரு பெண் பேசினார். "மோட்டாரப் போட்டுட்டுச் செத்த நேரம் சாஞ்சேன் அக்கா. முழிச்சுப் பாத்தா தெரு பூரா தண்ணி. எதுத்த வீட்டு ஆச்சி, ஆத்துத் தண்ணி தெருவுக்கு வந்துட்டுன்னு நெனச்சு செம்போட வந்து நிக்காவ" என்றார். இளையவர் உடனே சிரிப்பொலியைத் தட்டிவிட்டு, அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். மூத்தவர் அவரை நிறுத்திவிட்டு, "இருங்க, இருங்க. ஆச்சி செம்புல தண்ணி எடுத்தாவளா, சும்மா பாத்துட்டுப் போயிட்டாவளா?" என்று கேட்டார். "எடுத்தாவ அக்கா" என்று பதில் வந்தது. இரண்டு நொடி அமைதி. அதன் பிறகு, மிகவும் பொறுப்பான குரலில், "காசு போட்டாவளா?" என்று கேட்டார். நான் அப்போது ஒரு பேரேட்டின் நான்காவது பாரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியதை நூல் சிவந்த பிறகுதான் கவனித்தேன்.

ஆற்றைக் கண்டால் காசு போடும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். ஆனால் நான் பாராட்டுவது நகைச்சுவையை மட்டுமன்று. நேயர் சொன்ன மூன்று வாக்கியங்களில் "செம்பு" என்ற ஒரு சொல்லை மூத்தவர் கேட்டிருக்கிறார். இளையவர் கேட்கவில்லை, அவருடைய கண் பாட்டுப் பட்டியலில் இருந்திருக்கும். காலைப் பேச்சு நிகழ்ச்சி என்றால் பேசத் தெரிந்தவர்களை உட்கார வைக்க வேண்டும் என்று நிலையத்தார் நினைக்கிறார்கள். என் கணிப்பில், அங்கே உட்காரும் இரண்டு பேரில் ஒருவருக்காவது கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நிகழ்ச்சி தேறுவது அந்த ஒருவரால்.

மோட்டாரும் மாவும் மாமியாரும் சினிமாவுமே ஏன் எப்போதும் பேசுபொருளாக இருக்கின்றன என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு; என் கடைக்கு வரும் பேராசிரியர் ஒருவர் அப்படிச் சலித்துக்கொண்டார். இதில் ஓரளவுக்குச் சட்டத்தின் கையும் இருக்கிறது. நம் நாட்டில் தனியார் பண்பலைகள் தாமாகச் செய்தி சேகரித்து வாசிக்க அனுமதி இல்லை. 2011இல் வந்த கொள்கையின்படி ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் மறுஒலிபரப்புச் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, குடிநீர், மின்தடை, இயற்கைச் சீற்றம் போன்றவற்றைப் பற்றிய தகவல்கள் செய்தி என்ற கணக்கில் சேராது. அரசியலை வாசலோடு நிறுத்திவிட்டால் உள்ளே மிஞ்சுவது அடுப்படியும் திரையரங்கும்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒருவர் எவ்வளவு புதிதாகப் பேசுகிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் வானொலிக்காரர்களுக்கு மதிப்பெண் போடுவது எளிதன்று. இங்குள்ள காதுகள் பழகிய காதுகள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போல் தெளிவாகக் கேட்ட ஊர்கள் இவை, கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 1963இல் திருநெல்வேலிக்கென்று வானொலி நிலையம் வந்தது. ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும்போது கடிகாரத்தைச் சரி செய்துகொண்டவர் என் தந்தையார். தனியார் பண்பலைக்கு இந்திய அரசு முதன்முதலில் கதவைத் திறந்தபோது, முதல் கட்டத்தில் நிலையங்கள் வந்த 12 நகரங்களில் சென்னை, கோவையோடு திருநெல்வேலியும் ஒன்று. மதுரைக்காரர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அந்தச் சுற்றில் நமக்குக் கிடைத்தது என்பதை மதுரை உறவினர்களிடம் இப்போதும் நான் சொல்லத் தவறுவதில்லை.

இந்த வரிசையில் தென்கச்சி கோ. சுவாமிநாதனைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' வழியாகத் தமிழ்நாடு முழுவதும் அவர் தெரிய வருவதற்கு முன்பு, திருநெல்வேலி வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சிகளைக் கவனித்தவர். அவர் கதை சொல்லும்போது குரலில் சிரிப்பின் சாயலே இருக்காது. உர விலையைச் சொல்கிற அதே தொனியில் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். சிரிப்பது நம் பொறுப்பு. மூத்தவர் "காசு போட்டாவளா" என்று கேட்ட தொனியில் எனக்கு அந்தப் பழைய அடக்கம் கேட்டது. அவர் அந்த வழியை அறிந்து பின்பற்றுகிறாரா, தானாக அமைந்ததா என்பது இருக்கட்டும்; கேட்க நன்றாக இருக்கிறது.

அதற்கு நேர்மாறானது அந்தச் சிரிப்பொலி. பதிவு செய்து வைத்த சிரிப்பைத் தேவையான இடத்தில் ஒட்டும் வித்தையை 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஒரு பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டி எங்கெல்லாமோ சுற்றி, இப்போது நெல்லையில் ஒரு இளைஞரின் விரல் நுனியில் வந்து நிற்கிறது. அவர் தம்முடைய சொந்த நகைச்சுவைக்கும் அதைத் தட்டுகிறார், நேயர் வருத்தமாகச் சொன்னதற்கும் தட்டுகிறார். ஒரு நாள் கணக்கெடுத்தேன். பதினாறு பக்கப் பாரம் ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள் பதினோரு முறை. ஒரே சிரிப்புத்தான், நடுவில் ஒரு பெண்மணி மட்டும் சற்று நீளமாகச் சிரிப்பார். ஆறு மாதம் கேட்ட பிறகு அந்தப் பெண்மணியை எங்காவது சந்தித்தால் நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

அடுத்தது பேச்சுத் தமிழ். இதைப் பற்றி விரிவாகச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரையை எழுதியதே வீண். சினிமாக்காரர்கள் நெல்லைத் தமிழ் என்று ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். வாக்கியத்தின் முன்னும் பின்னும் "ஏலே" சேர்த்தால் அது ஆயிற்று என்பது அவர்களுடைய எண்ணம். வருத்தம் என்னவென்றால், அந்தச் சினிமாத் தமிழைப் பார்த்து நெல்லையிலேயே பிறந்த நம் இளையவரும் பேசுகிறார். "ஏல" என்பது யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவதற்கு உரிய சொல் அன்று. தம்பியை, கூடப் படித்தவனை, மகனைக் கூப்பிடலாம். சமவயதுக்காரரிடம் உரிமையும் மரியாதையும் கலந்து பேசும்போது "என்னவே", "சொல்லும்வே" என்று வரும். கடைக்காரரையும் வயதில் பெரியவரையும் "அண்ணாச்சி" என்போம். வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லும்போது கணவர் "வந்தாவ", மாமியார் "சொன்னாவ" என்று அந்த "ஆவ"வில் மரியாதை ஒட்டிக்கொண்டே வரும். கோபத்தில்கூட அது கழலாது; "சவத்த விடுங்க, அவுக அப்படித்தான் பேசுவாவ" என்பார்கள். இந்தப் படிகளெல்லாம் தெரியாதவர் நெல்லைத் தமிழைப் பேசினால், செருப்போடு படியேறியதுபோல் இருக்கிறது.

ஒரு நாள் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பேசிய முதியவரிடம் இளையவர் உற்சாகத்தில், "சொல்லுங்கலே" என்று சொல்லிவிட்டார். பன்மையும் "லே"யும் ஒரே சொல்லில் குடியிருந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். அந்த முதியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, உனக்கு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார். இளையவர் ஊரைச் சொன்னதும், "அங்கனயும் இப்படித்தான் பேசுதாவளா இப்போ?" என்றார். மூத்தவர் குறுக்கே வந்து, "மன்னிச்சுக்கோங்க தாத்தா, வெளியூர்ப் படம் நெறையப் பாத்துட்டான்" என்று சமாளித்தார். அதன் பிறகு ஒரு வாரம் இளையவருடைய பேச்சில் "ஏலே" குறைந்திருந்தது; மறுவாரம் கைக்கு வந்த பழைய காசுபோல் மீண்டும் புழங்கத் தொடங்கியது.

மூத்தவருடைய தமிழ் அப்படியில்லை. அவர் நெல்லைத் தமிழ் பேசுகிறோம் என்று காட்டிக்கொள்வதே இல்லை. விளம்பரத்தை வாசிக்கும்போது பொதுத்தமிழ், நேயரோடு பேசும்போது வீட்டுத் தமிழ் என்று தடம் மாறுவது தெரியாமல் மாறுகிறார். மாப்பிள்ளைச் சொதியைப் பற்றிப் பேசிய ஒரு காலையில், தேங்காய்ப்பாலின் முதல் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று ஒரு நேயருக்கும் அவருக்கும் நடந்த விவாதம் ஒரு பட்டிமன்றத்துக்குச் சமம். முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எலுமிச்சையை எப்போது பிழிவது என்பதில்தான் சண்டை. இளையவர் "குக்கரில் வைத்தால் என்ன?" என்று கேட்டதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் சிரிப்பொலியைவிடப் பெரிய சிரிப்பு.

நான் வானொலியை அணைத்துவிடும் ஒரே பகுதி, ஏமாற்றுத் தொலைபேசி அழைப்பு. யாராவது ஒருவருடைய எண்ணை அவருடைய நண்பரிடம் வாங்கி, வேறு ஆளாக நடித்து அவரை அலற வைத்து, கடைசியில் "இது நம்ம பண்பலை" என்று சொல்லிக் கைதட்டல் ஒலி போடுவார்கள். ஒரு முறை சிறிய உணவகம் நடத்தும் ஒருவரை அழைத்து, நானூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தோமே, வண்டி வாசலில் நிற்கிறது என்று கேட்டார்கள். அந்த மனிதர் கோபப்படவில்லை. "யாரு சொன்னா, எப்ப சொன்னிய, நான் நோட்டுல எழுதலியே" என்று தம்மைத்தாமே குற்றம் சொல்லிக்கொண்டு, பின்னால் யாரிடமோ அரிசி எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். அரைமணி நேரம் கொடுத்தால் சாம்பார் சாதமாவது ஆக்கித் தந்துவிடுகிறேன் என்றார். அந்த இடத்தில் சிரிப்பொலி வந்தது. நான் கடை வைத்திருக்கிறவன். வந்த வேலையை மறந்துவிட்டோமோ என்று நெஞ்சு திடுக்கென்று போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆராய்ச்சி மாணவர்கள் ஆய்வேடு கட்டக் கொடுத்துவிட்டு, மறுநாள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று நிற்கும் பருவத்தில் எனக்கு வாரம் ஒருமுறை அப்படி ஆகும். நல்லவேளையாக, அந்தப் பகுதியில் மூத்தவர் கலந்துகொள்வதில்லை. அவருக்கு விருப்பமில்லையா, அந்த நேரத்தில் தேநீர் குடிக்கப் போகிறாரா என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

என் சொந்தக் குறை ஒன்றும் இருக்கிறது. அது அற்பமானது, ஆனாலும் எழுதுகிறேன். எண்பதுகளில் வந்த பாட்டு எதுவானாலும் அதை இளையராஜா கணக்கில் எழுதிவிடுவது பண்பலைகளின் பொதுவான வழக்கம். இளையராஜாவுக்கு இரவல் புகழ் தேவையில்லை. சங்கர் கணேஷுக்கும் சந்திரபோஸுக்கும் தங்கள் பாட்டுகள் தங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்ற உரிமை உண்டு. ஒரு நாள் டி. ராஜேந்தர் எழுதி இசையமைத்த ஒரு பாட்டை இளையவர் அப்படி மாற்றிச் சொன்னபோது பொறுக்காமல் தொலைபேசியில் அழைத்தேன். தொடர்பு கிடைத்தது; காத்திருக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு நிமிடம் காதில் கைபேசியை இடுக்கிக்கொண்டு இரண்டு புத்தகங்களுக்கு முதுகுத் துணி ஒட்டினேன். கடைசியில் என்னை நேரலையில் விட்டதும், "சொல்லுங்க அண்ணாச்சி, உங்க வீட்டுல மோட்டார் போடுறது யாரு?" என்று கேட்டார்கள். நான் பாட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "சூப்பர் அண்ணாச்சி" என்று சொல்லி, நகைக்கடை விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். துணி ஒட்டிய இரண்டில் ஒன்று கோணலாகப் போயிருந்தது.

சினிமாப் பேச்சில் இந்த நிகழ்ச்சி ஒரு நல்ல காரியம் செய்கிறது. வெள்ளிக்கிழமை வெளியாகும் எல்லாப் படங்களையும் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று இளையவர் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. விளம்பரதாரர்களின் கூட்டத்தில் அவர் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் திங்கட்கிழமை காலையில் மூத்தவர் படத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் வேறு தினுசு. கதை நெல்லையில் நடப்பதாகக் காட்டியிருந்தால், படம் பார்த்த நேயர்களிடம், "மொத்தம் எத்தன தடவ ஏலே சொல்லுதாவ?" என்று கேட்பார். நேயர்கள் இப்போது திரையரங்கில் எண்ணிக்கொண்டே படம் பார்க்கிறார்கள். ஒருவர் அறுபத்து மூன்று என்றார். இன்னொருவர், இடைவேளைக்கு வெளியே போனதால் இரண்டு விட்டுப்போயிருக்கலாம் என்று திருத்தினார். ஊரை இழிவுபடுத்துகிறார்கள் என்று கொடி பிடிப்பதைவிட இது நாகரிகமான எதிர்ப்பு. டவுனில் ரத்னா, பார்வதி அரங்குகளில் படம் பார்த்தவர்களும், ராம் முத்துராமில் முதல் நாள் கூட்டத்தில் சட்டை கிழிந்தவர்களும் ஒரே பேச்சில் வந்து சேர்வது அந்தத் திங்கட்கிழமைகளில்தான்.

விளம்பரங்கள் அதிகம். பாட்டுகள் இரண்டாவது சரணத்தைக் காண்பதில்லை. இவற்றைப் பற்றி மேலும் எழுதினால் புலம்பலாகிவிடும்.

ஒலி கிடைப்பதைப் பற்றிப் புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் மலையோ பெரிய கட்டடமோ வந்தால் கரகரக்கும். பாளையங்கோட்டையிலும் டவுனிலும் குறையொன்றுமில்லை. மேற்கே மலையடிவாரத்தை நெருங்க நெருங்கத் தேய்கிறது. விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் மொட்டை மாடியில் ஒரு மூலையில் நின்றால்தான் கேட்கிறது. நிலத்தை ஒட்டிப் போகும் மத்திய அலையில் வரும் திருநெல்வேலி வானொலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கைபேசியில் கேட்பவர்கள் காதுவடக் கம்பியைச் செருக வேண்டும், அந்தக் கம்பிதான் அலைவாங்கி. ஆனால் புதுக் கைபேசிகள் பலவற்றில் பண்பலை வசதியையே எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று மத்திய அரசு 2023இல் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. இணையத்தில் கேட்கலாம்தான், எனினும் நான் இரண்டு பேட்டரி போடும் சிறிய டிரான்சிஸ்டரையே வைத்திருக்கிறேன். பசைக் கையால் தொடுவதற்குக் கூச்சப்படாத கருவி அது ஒன்றுதான்.

அந்தப் பேட்டரிப் பெட்டியின் அருமையை உணர்ந்தது அதே 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டி, சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளமும் சிந்துபூந்துறையும் தண்ணீருக்குள் நின்றன. செந்தூர் விரைவு வண்டியில் வந்த சுமார் எண்ணூறு பேர் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைபேசியில் கோபுரம் இல்லை. காலையில் டிரான்சிஸ்டரைத் திருப்பியபோது இதே இருவரின் குரல்கள் கேட்டன. சிரிப்பொலி இல்லை. எந்தப் பாலத்தில் போகலாம், எங்கே தங்க இடம் இருக்கிறது, எந்தப் பக்கம் பால் வண்டி வரும் என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இளையவர் ஒரு சொல்லையும் விழுங்காமல், எண்களை இரண்டு முறை சொல்லி, நிதானமாக வாசித்தார். அவருக்கு அப்படியும் பேசத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இடையில் ஒரு முறை மூத்தவர், "பயப்படாதீங்க, ஆத்துக்கு நம்மளத் தெரியும்" என்றார். விதியில் அந்த வாக்கியத்துக்கு இடம் உண்டா என்று தெரியாது. எங்கள் வீட்டில் அதைக் கேட்ட பிறகுதான் அடுப்புப் பற்ற வைத்தார்கள்.

ஆகவே கேட்கலாமா என்று யாராவது கேட்டால், ஏழேகாலிலிருந்து எட்டரை வரை கேளுங்கள் என்று சொல்வேன். மூத்தவர் அதிகம் பேசும் நேரம் அதுதான். எட்டரைக்கு ஏமாற்று அழைப்பு வரும்; அப்போது எழுந்து பல் துலக்காதவர்கள் துலக்கலாம். ஒன்பதுக்குப் பிறகு பாட்டும் விளம்பரமும்தான், பிடித்திருந்தால் ஓடட்டும். வெள்ளிக்கிழமையை விட்டுவிடலாம், திங்கட்கிழமையைத் தவற விடக்கூடாது.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஒரு சேதி சேர்ந்திருக்கிறது. போன வாரம், மோட்டார்ப் பேச்சு நடந்து மூன்று வாரம் கழித்து, இட்லி மாவு புளிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, டவுனிலிருந்து ஒரு வயதான குரல் வந்தது. "நாந்தான் செம்பு ஆச்சி பேசுதேன்" என்றது. மூத்தவருக்கு உடனே புரிந்துவிட்டது. "சொல்லுங்க ஆச்சி" என்றார். "காசு போட்டேனான்னு கேட்டியாம்லா. தெருவே கேக்கு." "ஆமா ஆச்சி. போட்டியளா?" "மோட்டாருத் தண்ணிக்கு நான் ஏன் போடுதேன்? போட்டா, அவ கரண்டு பில்லுக்குல்லா போடணும்" என்றார் ஆச்சி.

சிரிப்பொலி வரவில்லை. நீளமாகச் சிரிக்கும் அந்தப் பெண்மணியும் வரவில்லை. இளையவர் பொத்தானை மறந்துவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கேட்டும் அவருடைய சொந்தச் சிரிப்பை அன்றுதான் முதலில் கேட்டேன். சற்றுக் கரகரப்பாக, பாதி மூக்கு வழியாக வருகிறது.